பயிலுநரும் பொறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

தொழிலொன்றைக் கற்பவன் அத்தொழிலின் எப்பகுதியைத் தன் கையாற் செய்யலாம், எப்பகுதியை அருகிருந்து பார்த்து மட்டும் கற்கவேண்டும் என்னும் வினா பழமையானது. கொல்லன் பட்டறையில் அதற்கான விடை வழக்கத்தால் அமைந்திருந்தது. துருத்தி ஊதுபவன் ஒரு நாள் சம்மட்டி பிடிப்பான். சம்மட்டி பிடித்தவன் பல ஆண்டுகளின் பின்னரே இரும்பின் பதமறிந்து குறடு பிடிப்பான். நவீன வணிக நிறுவனத்தில் இவ்வொழுங்கு பெரிதுங் குலைந்துவிட்டது. பட்டப்படிப்பை நிறைவுசெய்யாத மாணவர் ஒருவர் பத்து அல்லது பன்னிரண்டு வாரங்களுக்குப் பயிலுநராகச் சேர்கின்றார். சேர்ந்த சில நாட்களிலேயே, புதிய சந்தையொன்றினுள் நிறுவனம் புகலாமா, பண்டமொன்றின் விலையை மாற்றலாமா, இலாபந்தராத கிளையை மூடலாமா என்பன போன்ற வினாக்களுக்கு விடைதேடி அறிக்கை வரையும் பணி அவரிடம் ஒப்படைக்கப்படுவதுண்டு. தேநீர் வாங்கவும் கடதாசிகளைப் பிரதியெடுக்கவும் பயிலுநரைப் பயன்படுத்திய நிலையோடு ஒப்பிட்டு, இது பெரியதொரு முன்னேற்றம் எனப் போற்றுவோர் உளர். அது முன்னேற்றமாயின் யாருக்கு முன்னேற்றம்? அங்கு உண்மையிற் கையளிக்கப்படுவது யாது? இவ்வினாக்கள் முகாமைத்துவத்தின் எல்லையைக் கடந்து அறவியலின் எல்லைக்குள் வருகின்றன.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். வணிகத்திலே ‘தந்திரோபாயம்’ என வழங்குவது, படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த ஐரோப்பியச் சொல்லின் தமிழாக்கமாகும். போர்க்களத்திலிருந்து வணிகத்துக்கு வந்த இக்கருத்துக்கு அறிவுலகில் நிலையான இடம் தேடித் தந்தவர்களுள் அமெரிக்க வரலாற்றாசிரியர் அல்பிரட் சான்ட்லர் முக்கியமானவர். தந்திரோபாயத்தையும் நிறுவன அமைப்பையும் பற்றி 1962 இல் அவர் வெளியிட்ட நூல், நீண்டகால இலக்குகளை நிர்ணயித்தலும் அவற்றை அடைதற்கு வேண்டிய வளங்களைப் பங்கிடுதலுமே தந்திரோபாயம் என விளக்கியது. இவ்விளக்கத்திலிருந்து இரண்டு இயல்புகள் பெறப்படும். ஒன்று, இத்தகைய முடிவின் விளைவு உடனே தோன்றுவதில்லை. அது நன்றா தீதா என்பது ஆண்டுகள் சென்றே புலப்படும். மற்றது, அம்முடிவு அதனை எடுத்தவரைக் காட்டிலும் எடுக்காதவர்களையே பெரிதும் தாக்கும். கிளையொன்றை மூடுவதென்னும் தீர்மானம் தலைமைச் செயலகத்தில் ஒரு பக்க அறிக்கை. கிளையில் வேலைசெய்பவனுக்கோ அது குடும்பத்தின் உலைநீர்.

‘பொறுப்பு’ என்னும் சொல் பொறுத்தல், அதாவது சுமத்தல், என்னும் அடியிற் பிறந்தது. அச்சுமையினுள் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. பணியைச் செய்தல் முதலாவது. பணி பற்றிய முடிவை எடுக்கும் அதிகாரம் இரண்டாவது. விளைவு பற்றிப் பிறர் வினவும்போது விடையிறுக்கும் கடப்பாடு மூன்றாவது. சிறிய பட்டறையில் இம்மூன்றும் ஒருவரிடமே இருந்தன. பெருநிறுவனத்தில் அவை பிரிந்து வெவ்வேறு கைகளிற் தங்குகின்றன. அப்பிரிவு தன்னளவிற் குற்றமாகாது. அஃதின்றிப் பெருநிறுவனம் இயங்கவும் இயலாது. பயிலுநரின் விடயத்தில் எழும் இடர் வேறு. முதலாவது இழை அவரிடம் தரப்படுகின்றது; இரண்டாவது தரப்படுவதில்லை; மூன்றாவதோ, விளைவு நல்லதாயின் மேலிருப்போரையும் தீயதாயின் பயிலுநரையும் சென்றடையும் போக்குடையது. ‘பொறுப்புக் கொடுத்தோம்’ என்னும் ஒரே தொடர் இம்மூன்று நிலைகளையும் மூடிமறைத்து விடுகின்றது.

இளையோரிடம் பெரும்பணியை ஒப்படைத்தல் தவறென்று இதனாற் கொள்ளுதல் பொருந்தாது. ஒப்படைத்தலுக்குச் சார்பான வாதம் மிக வலிமையுடையது. வீடு கட்டியே கட்டடக் கலைஞனாகின்றான், யாழ் மீட்டியே யாழ்வல்லோனாகின்றான், அவ்வாறே நீதியான செயல்களைச் செய்தே ஒருவன் நீதிமானாகின்றான் என அரிஸ்டோட்டில் தமது ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் இரண்டாம் பகுதியிற் காட்டினார். செய்யாது கற்க இயலாதவற்றைச் செய்தே கற்றல் வேண்டும். பொறுப்பும் அத்தகையதே. பொறுப்புணர்ச்சி முற்றாக வளர்ந்த பின்னரே பொறுப்பைக் கொடுப்போம் என்பது, நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்கவிடுவோம் என்பதை ஒக்கும்.

ஆயின் அதே நூலின் ஆறாம் பகுதியில் அரிஸ்டோட்டில் பிறிதொன்றையுங் கூறுகின்றார். இளைஞர்கள் கேத்திரகணிதத்திலும் அதுபோன்ற துறைகளிலும் வல்லுநராதல் கூடும். நடைமுறை விவேகம் உடையோராய் அவர்கள் காணப்படுவதில்லை. விவேகம் தனித்தனி நிகழ்வுகளைப் பற்றியது. அவற்றை அனுபவமே அறிவிக்கும். அனுபவத்தைக் காலமே தரும். தந்திரோபாய வேலையில் இவ்விரு கூறுகளும் கலந்துள்ளன. சந்தையின் அளவைக் கணித்தல், போட்டியாளரின் விலைகளைத் திரட்டுதல், வரவு செலவுகளை அட்டவணைப்படுத்தல் ஆகியன கேத்திரகணிதத்தின் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் கூர்மதியுள்ள மாணவர் முதுநிலை அலுவலரிலும் செம்மையாகச் செய்தல் கூடும். இக்கணிப்பை நம்பி இத்தனை பேருடைய வாழ்வை இவ்வாறு மாற்றலாமா என்னும் தீர்ப்போ விவேகத்தின் பாற்பட்டது. முன்னதிற் காட்டும் திறமையைக் கண்டு மயங்கிப் பின்னதையும் அவரிடமே விட்டுவிடுதல் எளிது. அழகாக வரையப்பட்ட அட்டவணை தீர்ப்பின் தோற்றத்தைத் தானாகவே பெற்றுவிடுகின்றது.

செய்தாலன்றிக் கற்க முடியாது, கற்றாலன்றிச் செய்யலாகாது. இம்முரணுக்கு வணிகத்துறையிலும் பார்க்க நீண்ட காலமாக விடைதேடி வந்த துறை மருத்துவம். ‘உள்ளகப் பயிற்சி’ என்னும் தொடர் இலங்கை மாணவருக்கு முதன்முதலில் நினைவூட்டுவதும் மருத்துவப் பட்டம் பெற்றோர் வைத்தியசாலையிற் பெறும் பயிற்சியையே. 1889 இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஒஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோர் வகுத்த முறையின் உயிர்நாடி படிமுறையான பொறுப்பாகும். பயில்பவர் உண்மையான நோயாளியைப் பார்ப்பார். அவர் செய்வதை அவருக்கு ஒரு படி மேலுள்ளவர் பார்ப்பார். ஆற்றல் வளரவளரக் கண்காணிப்பின் கயிறு தளர்த்தப்படும். அக்கயிற்றின் மறுமுனை எப்பொழுதும் ஒருவருடைய கையிலே இருத்தல் வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை விதி.

அவ்விதி தளர்ந்தபோது நேர்ந்ததற்கும் மருத்துவ வரலாற்றிற் சான்றுண்டு. 1984 இல் நியூயோர்க் நகர வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்ட 18 வயது மாணவி ஒருவர் சில மணிநேரத்தில் இறந்தார். அவ்விரவிலே அவரைப் பராமரித்தவர்கள் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர்கள். பொறுப்பான மருத்துவருடன் தொலைபேசியிலே கலந்தாலோசிக்கப்பட்டது. அவர் நேரில் வந்து பார்க்கவில்லை. இதனை விசாரித்த யூரர் சபை இளம் மருத்துவர்மீது கொலைக்குற்றஞ் சாட்டவில்லை. நெடுநேரம் உறக்கமின்றி, போதிய மேற்பார்வையுமின்றி அவர்களை வேலைசெய்ய விட்ட முறைமையையே கடிந்தது. அதன் விளைவாக 1989 இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி மருத்துவரின் வேலைநேரத்தை வாரத்துக்கு 80 மணித்தியாலமாக வரையறுத்து, முதுநிலை மருத்துவரின் மேற்பார்வையையும் கட்டாயமாக்கியது. தவறு செய்த கையோடு நின்றுவிடாது, அக்கையை அவ்விடத்தில் தனியே விட்டது யார் என்று விசாரணை மேலே சென்றமை கருதத்தக்கது.

மருத்துவத்துக்கும் வணிகத் தந்திரோபாயத்துக்கும் இடையே பெரியதொரு வேறுபாடும் உண்டு. இளம் மருத்துவர் இரவிற் கொடுத்த மருந்தின் விளைவை மறுநாட் காலையில் அதே கட்டிலருகில் நின்று காண்பார். விளைவு அவரிடம் திரும்பி வருகின்றது. அத்திரும்புகையே அவருக்கு ஆசிரியனாகின்றது. தந்திரோபாய அறிக்கை வரைந்த பயிலுநரோ விளைவு முளைப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிடுகின்றார். கிளை மூடப்பட்டதா, மூடியது சரியா, அங்கு வேலைசெய்தோர் என்ன ஆயினர் என்பவற்றை அவர் அறியார். ஆதலின் விடையிறுக்கும் கடப்பாட்டை அவராற் சுமக்கவும் முடியாது. செய்ததிலிருந்து கற்கவும் முடியாது. செய்தே கற்றல் வேண்டும் என்னும் வாதத்தின் வலிமை முழுவதும் விளைவு திரும்பி வருவதிலே தங்கியுள்ளது. அது வராதவிடத்து எஞ்சுவது செய்கை மட்டுமே. கல்வி அங்கே நிகழ்வதில்லை.

இளையோரின் குரல் நிறுவனத்துக்குப் பயன்பட்ட நல்லதொரு சான்றும் உண்டு. 2009 ஆம் ஆண்டில் மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் இலண்டன் அலுவலகத்தில் ஊடகத்துறையை ஆராயும் பிரிவினர், குறுகிய காலப் பயிற்சிக்கு வந்த 15 வயது மாணவர் ஒருவரிடம், அவரும் நண்பர்களும் ஊடகங்களை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை எழுதுமாறு கேட்டனர். பதின்ம வயதினர் செய்தித்தாள்களை ஒழுங்காகப் படிப்பதில்லை, இசைக்குப் பணங்கொடுக்க விரும்புவதில்லை, டுவிட்டரைப் பயன்படுத்துவதில்லை என்றெல்லாம் அவர் எழுதினார். அவ்வாண்டு யூலையில் அது நிறுவனத்தின் ஆய்வறிக்கையாகவே வெளியிடப்பட்டுப் பரவலாகப் பேசப்பட்டது. இங்கு கவனித்தற்குரியது வெளியிட்ட முறையாகும். எழுதியவர் இன்னார் என்பதை நிறுவனம் மறைக்கவில்லை. பிரதிநிதித்துவத்தையோ புள்ளிவிபரத் திட்பத்தையோ அதற்கு உரிமைகோராது, சிந்தனையைத் தூண்டும் தெளிவான எழுத்தென்றே அதனை முன்வைத்தது. மாணவரிடம் கேட்கப்பட்டது அவர் உண்மையில் அறிந்திருந்த ஒன்று. அவர் சாட்சி கூறினார்; தீர்ப்பு வாசகரிடமும் முதலீட்டாளரிடமும் விடப்பட்டது. சாட்சியைச் சாட்சியாக மதித்தலும் அதனைத் தீர்ப்பாக உயர்த்தாமையும் ஒருங்கே அமைந்தமையால் அச்செயல் நேர்மையுடையதாயிற்று.

இதன் மறுதலையை 2021 ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த சோலார்விண்ட்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் இற்றைப்படுத்தல்களினுள் ஊடுருவற்காரர் தீநிரலைப் புகுத்தியிருந்தமை 2020 டிசெம்பரில் வெளிப்பட்டது. அரச திணைக்களங்கள் உட்பட ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர் அதனைப் பெற்றிருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசின் குழுக்கள் முன்னிலையில், நிறுவனத்தின் பெயரோடு 123 என்னும் இலக்கங்களைச் சேர்த்து அமைந்த ஒரு கடவுச்சொல் பொதுவெளியிற் கிடந்தமை பற்றி வினவப்பட்டது. அது பயிலுநர் ஒருவர் செய்த தவறு என முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி விடையிறுத்தார். அக்கடவுச்சொல்லே ஊடுருவலுக்கு வாயிலாயிற்று என நிறுவப்படவில்லை. எனினும் அவ்விடை எழுப்பிய வினா பெரிது. பயிலுநர் ஒருவரின் கவனக்குறைவு ஒரு நிறுவனத்தின் காவலைப் பற்றிய கேள்வியாகும் அளவுக்கு வளர முடியுமாயின், அக்காவலை அமைத்தவர் யார்? அவருடைய வேலையைப் பார்க்க வேண்டியிருந்தவர் யார்? பயிலுநரைச் சுட்டிய விரல் திரும்பிச் சுட்டியவரையே காட்டுகின்றது.

அதே ஆண்டு யூனில் மற்றொரு நிகழ்வு. எச்.பி.ஓ. மக்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பலருக்குச் சோதனைக்கென எழுதப்பட்ட வெற்று மின்னஞ்சல் ஒன்று தவறுதலாகச் சென்றது. தவறு பயிலுநருடையதே என்று கூறிய நிறுவனம், அவருக்குத் துணைநிற்பதாகவுங் கூறியது. பல துறையினர் தத்தம் தொடக்ககாலத் தவறுகளை எழுதி அவரைத் தேற்றினர். நேர்ந்த தீங்கு அற்பமாயிருந்தமையாற் பெருந்தன்மை எளிதாயிற்று என்பது உண்மை. ஆயினும் தவறைப் பயிலுநரிடம் காண்பதும் பழியை அவரிடம் இறக்கிவைப்பதும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டை இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது அறியலாம்.

சட்டம் இவ்விடயத்தில் வணிக வழக்கிலுந் தெளிவாகப் பேசியுள்ளது. 1762 இல் நிறுவப்பட்ட பேரிங்ஸ் வங்கி 1995 இல் வீழ்ந்தது. சிங்கப்பூர்க் கிளையில் வணிகஞ் செய்த நிக் லீசன் என்பவர் ஏற்படுத்திய 82 கோடி 70 இலட்சம் பவுண் நட்டமே அதற்குக் காரணம். அப்பொழுது அவருக்கு வயது 28. அவர் பயிலுநரல்லர், குற்றமுஞ் செய்தவர், அதற்காகச் சிறையுஞ் சென்றவர். எனினும் கொடுக்கல் வாங்கல் செய்பவரையே அதன் கணக்கைச் சரிபார்க்கும் பகுதிக்கும் பொறுப்பாக வைத்தவர்கள் இலண்டனில் இருந்தனர். பணிப்பாளர் மூவர் பதவி வகித்தற்குத் தகுதியற்றோரெனத் தீர்க்கப்பட்ட வழக்கில், 1999 இல் ஆங்கில நீதிமன்றம் ஒரு கோட்பாட்டைத் தெளிவுபடுத்தியது. பணிப்பாளர் தம் பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அவரை நியாயமான அளவுக்கு நம்பவுஞ் செய்யலாம். ஆயின் ஒப்படைத்தல் மேற்பார்வைக் கடமையிலிருந்து அவர்களை விடுவிப்பதில்லை. கீழுள்ளவரின் குற்றம் மேலுள்ளவரின் கடமையை அழிக்காது என்பதே இதன் அறப்பொருள். குற்றவாளியின் விடயத்திலேயே இக்கோட்பாடு பொருந்துமாயின், கற்கவந்த மாணவரின் விடயத்தில் அது எத்துணை வலிமையுடன் பொருந்தும்!

ஊதியம் பற்றிய சட்டமும் இங்கு நோக்கத்தக்கது. 1947 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் புகையிரதக் கம்பனியொன்றிற் சில நாட் பயிற்சி பெற்றோர் ஊழியராகார் எனத் தீர்த்தது. அவர்களுடைய வேலை கம்பனியின் காரியத்தை விரைவுபடுத்தவில்லை, சிலவேளை தடுக்கவுஞ் செய்தது என்பது அத்தீர்ப்புக்கு அடிப்படையான நியாயங்களுள் ஒன்று. ‘பிளாக் ஸ்வான்’ திரைப்படத் தயாரிப்பில் ஊதியமின்றி வேலைசெய்த பயிலுநர் தொடுத்த வழக்கில், 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொடர்பினால் முதன்மையாக நன்மையடைபவர் யார் என்பதே உரைகல் என்றது. எனவே பயனற்ற வேலை என்பதாற் சம்பளம் மறுக்கப்பட்டவர், நிறுவனத்தின் எதிர்காலத்தையே வரையும் பயனுள்ள வேலையைச் செய்யும்போதும் ‘கற்பவர்’ என்னும் பெயரால் ஊதியமோ உரிய ஏற்போ இன்றி விடப்படின், அது முரண் மட்டுமன்று, அநீதியுமாகும். மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் கான்டின் கட்டளை மீறப்படும் இடம் இதுவே. பயிலுநர் மறுக்கலாமே என்பாருமுளர். எதிர்காலத் தொழிலும் நற்சான்றுப் பத்திரமும் யாருடைய கையிலுள்ளனவோ, அவரிடம் ‘இது எனக்கு அப்பாற்பட்டது’ எனக் கூறும் துணிவு இருபத்திரண்டு வயதிலே எளிதில் வருவதன்று.

இவ்விவாதங்களிற் பெரும்பாலும் மறக்கப்படுபவர் மூன்றாமவர். நிறுவனத்துக்கும் பயிலுநருக்கும் இடையிலான நீதி நிறைவேறினாலும், முடிவினாற் பாதிக்கப்படுவோருக்குரிய நீதி எஞ்சியே நிற்கும். இருபது ஆண்டு உழைத்த தொழிலாளி ஒருவனின் வேலை பறிபோகும் என்றால், ‘ஏன்?’ என்று கேட்பதற்கு அவனுக்கு ஒரு முகம் வேண்டும். அம்முகம் முடிவின் நியாயத்தை அறிந்ததாகவும், அதனை மாற்றும் அதிகாரம் உடையதாகவும், நாளையும் அவ்விடத்திலே இருப்பதாகவும் இருத்தல் வேண்டும். மேலதிகாரி ‘அறிக்கை அவ்வாறு கூறிற்று’ என்கின்றார். அறிக்கையை எழுதியவர் எங்கோ ஒரு பரீட்சை மண்டபத்தில் இருக்கின்றார். தவறான முடிவிலும் கொடியது, வினவுதற்கு ஆளில்லாத முடிவு.

இதற்கு எதிராகக் கூறப்படும் தடையொன்று உண்டு. பழியிலிருந்து முற்றாகக் காக்கப்படுபவர் வளர்ச்சியடைவதில்லை; அவரைக் குழந்தையாக நடத்துவதும் ஒருவகை அவமதிப்பே என்பர். இத்தடை நியாயமானது. பயிலுநருக்கும் உரிய பங்கு உண்டு. திரட்டிய தரவு உண்மையானதா, கணக்குச் சரியா, தமக்கு விளங்காதது எது என்பனவற்றில் அவர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். ஊகத்தை உறுதிபோல எழுதுவதும், தவறை அறிந்தும் மறைப்பதும் அவருடைய குற்றங்களேயாம். அவர் தம் சொல்லின் உண்மைக்குப் பொறுப்பாளி. அச்சொல்லை ஏற்றுச் செயலாக்கியவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி. இவ்வெல்லை காக்கப்படின் அவர் குழந்தையும் ஆவதில்லை, பலியும் ஆவதில்லை.

திருக்குறளிலே பணியை ஒப்படைத்தல் பற்றிய ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரம் 52 ஆவதாக அமைய, ஆளை ஆராய்ந்து தெளிதல் பற்றிய ‘தெரிந்து தெளிதல்’ அதற்கு முன்னே 51 ஆவதாக அமைந்துள்ளது. இரண்டும் பொருட்பாலின் அரசியலில், ஆள்வோனை நோக்கியே வைக்கப்பட்டுள்ளன. ஒப்படைத்தல் ஏவப்பட்டவனின் சோதனை என்பதற்கு முன், ஏவுபவனின் சோதனை என்னும் கருத்து அவ்வைப்பு முறையிலேயே பொதிந்துள்ளது. இன்றைய நிறுவனத்துக்கு அது வேண்டுவன சில எளிய செயல்கள். பயிலுநரின் அறிக்கையை முடிவெடுப்பவர் தாமே படித்து, தாமே வினவி, தம் பெயரிலே ஏற்றல் வேண்டும். நன்மை விளைந்தால் எழுதியவரின் பெயரைக் கூறுதல் வேண்டும். ஆண்டுகள் கழித்தேனும் விளைவு இன்னதாயிற்று என அவருக்கு அறிவித்தல் வேண்டும். இவற்றுட் பின்னதே மிக அரிதாகச் செய்யப்படுவது. கல்வி என்னும் பெயருக்கு அப்பயிற்சியை உரியதாக்குவதும் அதுவே.

முகாமைத்துவம், பொறியியல் போன்ற துறைகளிற் பயில்வோர் பலர் பட்டம் பெறுமுன்னரே நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். இன்று பயிலுநராகச் செல்பவரே சில ஆண்டுகளில் மற்றொரு பயிலுநரிடம் பணியை ஒப்படைக்கும் இடத்தில் அமர்வார். தம்மிடம் பெரும்பணி தரப்பட்ட நாளில் அருகில் ஒருவர் நின்றாரா, இல்லையா என்பதை அன்று அவர் நினைத்துப் பார்த்தல் வேண்டும். பணியைக் கையளித்தல் அதனைக் கைகழுவுதலாகாது. கையளித்தவரின் கை அதன்மேல் இன்னும் இருத்தல் வேண்டும்.